கர்ப்பத்தில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ்: குழந்தை நலமாகப் பிறக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 24. கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது ஐந்தாம் மாதம். ஊரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. நெகட்டிவ். ஆனால் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ், 1:16 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நர்ஸ் அக்கா தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா, ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கணும்" என்றார். என் கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். "எனக்கு ஒரு புண்ணும் இல்லை, நான் எதற்கு வர வேண்டும்? மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கிப் போடு" என்கிறார். அத்தையோ, "எங்க பையனுக்கு ஒண்ணும் இல்லை, நீதான் எங்கேயோ இருந்து கொண்டு வந்திருக்கே" என்று சொல்லிவிட்டார். நான் இவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவள். பஸ் ஸ்டாண்ட் பாத்ரூமில் ஒட்டியிருக்குமா? எனக்குக் கொஞ்சம் வெள்ளைப்படுதல் உண்டு, அதுவும் இந்த நோயா? குழந்தையைக் கலைத்துவிட வேண்டியிருக்குமா? இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கலைக்க வேண்டியதில்லை. வி.டி.ஆர்.எல். என்பது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனை. கர்ப்பத்தில் கண்டுபிடித்தால் தாயையும் வயிற்றில் இருக்கும் குழந்தையையும் ஒரே மருந்தால் சேர்த்துக் குணப்படுத்தக்கூடிய நோய் இது. உங்களுக்கு இப்போதுதான் ஐந்தாம் மாதம். நேரம் இருக்கிறது. ஆனால் வீணாக்கும் அளவுக்கு இல்லை, ஏற்கெனவே இரண்டு வாரம் போய்விட்டது. அதனால் இதைப் படித்து முடித்ததும் நாளைக் காலையே அந்த நர்ஸ் அக்காவிடம் போய், "ஊசியை ஆரம்பித்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். கணவர் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் வரும்போது வரட்டும், உங்கள் ஊசி அதற்காக நிற்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், இந்தக் கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சிகிச்சையே எடுக்காமல் விட்டால் பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் ஏதாவது ஒரு பாதிப்பு வந்துவிடுகிறது: குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், எடை குறைவாகப் பிறக்கலாம், நோயோடு பிறக்கலாம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "பிரசவம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் யாராவது சொன்னால் நீங்கள் அதைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதித்து உடனே ஊசி போட்டு, தாயிடமிருந்து குழந்தைக்கு சிஃபிலிஸ் பரவுவதை நாட்டளவிலேயே ஒழித்தவர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்து 2016-லும் மலேசியா 2018-லும் நம் பக்கத்து இலங்கை 2019-லும் அந்தச் சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் வாங்கிவிட்டன. அங்கே கொடுப்பதும் உங்களுக்குப் போடப்போகும் இதே மருந்துதான்.

இனி உங்கள் கையில் இருக்கும் சீட்டைப் பார்ப்போம். வி.டி.ஆர்.எல். பரிசோதனை கிருமியை நேராகத் தேடுவதில்லை. லேபில் உங்கள் ரத்தத்தின் தெளிந்த நீரைக் குழியுள்ள ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு, கொழுப்புச் சத்து கலந்த ஒரு திரவத்தில் ஒரு துளி சேர்ப்பார்கள். தட்டை ஒரு சுழலும் மேடையில் வைத்து நான்கு நிமிடம் சுற்றவிடுவார்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கலவை சீராக இருந்தால் நெகட்டிவ். சின்னச் சின்னத் துகளாகத் திரண்டு நின்றால் ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ். திரண்டால், அந்த ரத்த நீரை உப்புக் கரைசல் விட்டு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்க்கச் செய்து மறுபடியும் மறுபடியும் பார்ப்பார்கள். உங்களுக்கு 16 மடங்கு நீர்த்த பிறகும் திரண்டிருக்கிறது. அதுதான் 1:16. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இந்த எண் மட்டும் சொல்லிவிடாது. சிகிச்சைக்குப் பிறகு இறங்குகிறதா என்று பார்க்க இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1:16 பிற்பாடு 1:4 ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படி இறங்க ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். பிரசவத்துக்குள் இறங்கவில்லையே என்று கலங்க வேண்டாம். மாறாக, நான்கு மடங்கு ஏறி 1:64 என்று வந்தால் டாக்டர் யோசிப்பார்: மருந்து சரியாகப் போகவில்லையா, அல்லது சிகிச்சை எடுக்காத கணவரிடமிருந்து மறுபடியும் தொற்றியதா என்று.

இந்தப் பரிசோதனை சில சமயம் நோயே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்கள், சில வைரஸ் காய்ச்சல்கள், ஏன், கர்ப்பமேகூட அப்படிக் காட்ட வைக்கலாம். ஆனால் அவற்றில் எண் பெரும்பாலும் 1:8-ஐத் தாண்டாது. உங்களுடையது 1:16. அதனால் உண்மையான தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டி.பி.எச்.ஏ. என்று இன்னொரு பரிசோதனை உண்டு, அது இந்தக் கிருமிக்கு எதிராகவே உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் முடிவு வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணிக்கு முதலில் ஊசி, உறுதிசெய்வது அதோடு கூடவே நடக்கட்டும். டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். பத்து வருடம் கழித்து வேறெதற்கோ ரத்தம் எடுக்கும்போது அதைப் பார்த்து யாராவது உங்களைத் திடுக்கிட வைக்க வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மருந்து பென்சத்தீன் பென்சிலின். 1943-ல் முதன்முதலாகப் பென்சிலினால் இந்த நோயைக் குணப்படுத்தினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கிருமி பென்சிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. எத்தனையோ கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போய்விட்ட இந்தக் காலத்தில் இது நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். ஒரு தடவைக்கு 24 லட்சம் யூனிட். நோய் எப்போது தொற்றியது என்று தெரியாத உங்களைப் போன்றவர்களுக்கு வாரம் ஒன்றாக மூன்று வாரம் போட வேண்டும்.

ஊசி வலிக்கும். அதை மறைக்க மாட்டேன். புட்டியில் வெள்ளைப் பொடியாக இருக்கும், தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டிப் பால் மாதிரி ஆகும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் பருமனான ஊசியில் ஏற்றி, இரண்டு பாகமாகப் பிரித்து, இரண்டு பக்கப் பிட்டத்திலும் 12 லட்சம், 12 லட்சமாக மெதுவாகச் செலுத்துவார்கள். அவசரமாக எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் படுத்திருங்கள். அன்றைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் முன்கையில் தோலுக்குள் ஒரு சொட்டு போட்டு, தடிப்பு, அரிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். அலர்ஜிக்காகத்தான் இதெல்லாம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் தட்டிக்கழிக்காதீர்கள். முன்பு எப்போதாவது பென்சிலினால் மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைத்து, மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, உடம்பைப் பழக்கிப் பென்சிலினே கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கு வேறு மருந்து சரிப்படாது என்பதால்தான் இவ்வளவு பாடு.

முதல் ஊசி போட்ட அன்று இரவு குளிர்காய்ச்சல், உடம்புவலி, தலைவலி வரலாம். செத்துப்போகும் கிருமிகளால் வருவது அது, ஒரு நாளில் அடங்கிவிடும். பாராசிட்டமால் போதும். ஆனால் வயிறு இறுகி இறுகி வலித்தாலோ, குழந்தை அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்தப் பயத்தில் அடுத்த ஊசியை விட்டுவிடவும் கூடாது. திங்கட்கிழமை போட்டால் அடுத்த திங்கள், அதற்கடுத்த திங்கள். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். ஒன்பது நாளைத் தாண்டிவிட்டால் கர்ப்பிணிகளுக்கு முதலிலிருந்து மூன்றையும் மறுபடி போடச் சொல்வோம். பண்டிகை, கல்யாணம், ஊருக்குப் போவது எல்லாவற்றையும் இந்த மூன்று வாரத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் அசித்ரோமைசினைப் பற்றி: வேண்டவே வேண்டாம். அந்த மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. அதோடு, உலகின் பல இடங்களில் இந்தக் கிருமி அதற்கு மசிவதும் இல்லை. டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை மற்றவர்களுக்கு மாற்று மருந்து, கர்ப்பத்தில் ஆகாது. மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்று தீர்த்துவிடக்கூடிய விஷயமில்லை இது.

"எனக்கு ஒரு புண்ணும் இல்லையே" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்களுக்கும்தான் எதுவும் இல்லை. இந்த நோயின் சுபாவமே அப்படி. கிருமி நுழைந்து பத்து நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். பெரும்பாலும் ஒன்றுதான் வரும், தொட்டால் அடிப்பக்கம் கெட்டியாக இருக்கும், வலிக்காது. வலிக்காததால் பலர் கவனிப்பதே இல்லை. பெண்களுக்குக் கருப்பை வாயில் வந்தால் கண்ணுக்கே தெரியாது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். அந்த நேரத்தில் கடையில் வாங்கிய ஏதோ ஒரு களிம்பைத் தடவியிருந்தால் களிம்பால் ஆறியது என்று நினைத்துக்கொள்வார்கள். புண் ஆறியது, ஆனால் கிருமி ரத்தத்துக்குள் புகுந்துவிட்டது. சில வாரங்கள், மாதங்கள் கழித்து உடம்பில் அரிக்காத தடிப்புகள், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும். கொஞ்சம் காய்ச்சல், நெறி கட்டுதல், திட்டுத்திட்டாக முடி கொட்டுதல் இருக்கும். அதுவும் தானாகவே போய்விடும். அதன்பிறகு வருடக்கணக்கில் எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனை மட்டும் பாசிட்டிவ் காட்டும். அப்படியே விட்டால் சிலருக்கு பத்து, இருபது, முப்பது வருடம் கழித்து இதயத்தின் பெரிய ரத்தக்குழாயையோ மூளையையோ நரம்புகளையோ தாக்கும்.

ஆகவே ஒன்றும் தெரியவில்லை என்பது ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நீங்கள் இருவருமே இப்போது அந்த மறைந்திருக்கும் கட்டத்தில் இருக்கக்கூடும்.

அப்புறம், பாத்ரூம். பஸ் ஸ்டாண்டிலோ வேறெங்குமோ கழிப்பறையிலிருந்து இது வராது. உடம்புக்கு வெளியே இந்தக் கிருமி நிலைக்காது. துண்டு, சோப்பு, ஒரே தட்டில் சாப்பிடுவது, குளம் எதிலிருந்தும் வராது. உடலுறவு வழியாக வரும், தாயிடமிருந்து வயிற்றுக் குழந்தைக்கு வரும். ரத்தம் ஏற்றுவதால் வருவது இப்போது மிக அரிது, ரத்த வங்கியில் ஒவ்வொரு பையையும் பரிசோதித்துத்தான் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் யாரிடமிருந்து வந்தது? உங்கள் அத்தையின் கேள்வி இதுதான். எந்த லேபும் இதற்குப் பதில் சொல்லாது. யாரிடமிருந்து, எந்த வருடம், எந்த மாதம் என்று சீட்டில் எழுதியிருக்காது. நீங்கள் உங்கள் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்புகிறேன். அவர் கல்யாணத்துக்கு முன்பே தொற்றி, புண் ஆறிப்போய், தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் உங்களை மணந்திருக்கலாம். தொற்றிய முதல் ஓரிரு வருடங்களில்தான் இது இணைக்கு அதிகம் பரவும். கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்த நேரத்தில் அது குழந்தைக்கு எந்த விதத்திலும் உதவப்போவதில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வரும் கர்ப்பிணிகளில் பலர் உங்களைப் போலப் பழியைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். காரணம் மிகச் சாதாரணமானது. நம் ஊரில் கேட்காமலே இந்தப் பரிசோதனை செய்யப்படுவது பெரும்பாலும் கர்ப்பிணிக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல்முறை போனதுமே எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் மஞ்சள் காமாலை பி வைரஸும் பார்த்துவிடுகிறார்கள். அவள் கணவருக்கு யாரும் பார்ப்பதில்லை. யார் முதலில் சோதிக்கப்படுகிறாளோ அவளிடம் முதலில் தெரிகிறது. முதலில் தெரிந்தவளே முதலில் பெற்றவள் என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. இது அநியாயம். அத்தையிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. "அவருக்கும் ரத்தம் பார்த்துவிட்டுப் பேசலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

கணவரிடம் எப்படிப் பேசுவது? குற்றம் சாட்டும் பேச்சில் அவர் வாசலைத் தாண்ட மாட்டார், அதனால் குழந்தையிடமிருந்து ஆரம்பியுங்கள். "எனக்கு மூணு ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. நான் போட்டுக்கிறேன். ஆனா நீங்க போட்டுக்கலைன்னா எனக்கு மறுபடியும் வந்துடும், பாப்பாவுக்கும் போயிடும்னு டாக்டர் சொல்றாங்க. ஒரு நாள் லீவு போட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒருமுறை வந்து குணமானால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. நீங்கள் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு அவர் போடாவிட்டால் திரும்ப உங்களுக்கே வந்து சேரும். அவர் வந்தால் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வரும்வரைகூடக் காத்திராமல் அன்றே அவருக்கும் ஊசி போட்டுவிட டாக்டர் முடிவு செய்யலாம். அவரிடம் தனியாகத்தான் பேசுவார்கள். அவர் சொன்னதை உங்களிடமோ நீங்கள் சொன்னதை அவரிடமோ சொல்ல மாட்டார்கள்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம் என்று கூச்சப்பட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். அங்கே தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும், சுகவாழ்வு மையம் என்று போர்டு இருந்தாலும் அதேதான். பக்கத்திலேயே நம்பிக்கை மையம் இருக்கும், அங்கே ஆலோசகர் இருப்பார். பரிசோதனை, ஊசி எல்லாம் இலவசம். அவர் வேலை பார்க்கும் ஊரிலேயே அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொண்டாலும் சரி. போன் செய்து கேட்க வேண்டுமென்றால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் அவர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு ஊரில் லாட்ஜில் ரூம் போட்டு, மேகநோய், ஆண்மைக்குறைவு எல்லாவற்றுக்கும் ஒரே லேகியம் கொடுப்பவர்களிடம். ஆண்கள் வெட்கத்தால் அங்கேதான் முதலில் போகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் போகும், நோய் அப்படியே இருக்கும். இந்த விளம்பரங்களைச் சுவர்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தப் பேச்சால் வீட்டில் உங்களை அடிப்பார்கள், வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் அவரிடம் நீங்களாகப் பேச வேண்டாம். நர்ஸ் அக்காவிடமோ ஆலோசகரிடமோ அதைச் சொல்லுங்கள், அவர்கள் வேறு வழியில் அவரை வரவழைப்பார்கள். 181 பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

இருவருக்கும் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் ஆணுறை கட்டாயம். ஆணுறை மூடாத இடத்தில் புண் இருந்தால் அதுவும் முழுப் பாதுகாப்பில்லை.

வெள்ளைப்படுதலைக் கேட்டிருந்தீர்கள். சிஃபிலிஸால் வெள்ளைப்படுதல் வருவதில்லை. கர்ப்பத்தில் நாற்றமில்லாமல், அரிப்பில்லாமல், பால்போல் கொஞ்சம் படுவது இயல்பு. தயிர்த்திப்பி போல வந்து அரித்தால் அது காளான் தொற்று, பால்வினை நோய் அல்ல. மீன் வாடை அடித்தால் பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் கிருமிகளின் சமநிலை கெட்டிருக்கிறது, அதையும் பால்வினை நோயோடு சேர்ப்பதில்லை. நுரைத்து, மஞ்சள் பச்சையாக, எரிச்சலோடு வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறவில் பரவுவது, கணவனுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். நம் பெண்கள் வெள்ளைப்படுவதையெல்லாம் "சூடு" என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தே வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். வெந்தயம் உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் தொற்றைக் குணப்படுத்தவும் செய்யாது. சுகாதார நிலையத்தில் இதற்கென்று பச்சை நிறப் பெட்டியில் மாத்திரை வைத்திருப்பார்கள். அது கர்ப்பிணிக்கு அல்ல, அக்கம்பக்கத்தில் வாங்கிய யாரிடமிருந்தும் வாங்கிப் போடாதீர்கள். உங்களுக்குப் பொருத்தமானதை, பெரும்பாலும் உள்ளே வைக்கும் மாத்திரையாக, டாக்டர் தருவார்.

கனோரியா, கிளமிடியா என்று இன்னும் இரண்டு பால்வினை நோய்கள் இருக்கின்றன. ஆணுக்குக் கனோரியா வந்தால் சிறுநீர் போகும்போது எரிச்சலும் சீழும் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணுக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது, கிளமிடியா என்றால் இன்னும் மௌனம். தெரியாமலே கருக்குழாய் வரை ஏறி அடைத்துவிட்டால், பிற்பாடு குழந்தை தரிக்காமல் போகும் காரணங்களில் அதுவும் ஒன்று. பிரசவத்தில் குழந்தையின் கண்ணிலும் தொற்றும். ஒரு பால்வினை நோய் இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், உங்கள் டாக்டர் பிறப்புறுப்பின் உள்ளே கருவி வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றால் சம்மதியுங்கள். ஹெர்பிஸ் என்பது வலியோடு வரும் சின்னக் கொப்புளங்கள். அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகாது, ஆனால் மாத்திரையால் அடக்கலாம். பிரசவ நேரத்தில் கொப்புளம் இருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். மருவை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸில் வேறு சில வகைகள்தான் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். உங்களுக்கு 30 வயது ஆகும்போது அரசு மருத்துவமனையில் அதற்கான சோதனையை மறக்காமல் செய்துகொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. நெகட்டிவ் என்பது நல்ல செய்தி. ஆனால் சிஃபிலிஸ் புண் எச்.ஐ.வி. நுழைய வழி திறந்து வைக்கும். கணவருக்கும் பாருங்கள், உங்களுக்கு ஏழாம், எட்டாம் மாதத்தில் இன்னொருமுறை பாருங்கள். அப்போதே வி.டி.ஆர்.எல்.லும் மறுபடி எடுத்து, இந்த 1:16-ஓடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தவரை அதே லேபில் எடுப்பது நல்லது, லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும்.

ஐந்தாம் மாத ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால், எடுக்கும் டாக்டரிடம் இந்த முடிவைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்தால் நஷ்டம் குழந்தைக்குத்தான். குழந்தையின் கல்லீரல் பெரிதாகியிருக்கிறதா, நஞ்சுக்கொடி தடித்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று அவர் தனியாகக் கவனிப்பார்.

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது உங்கள் சிகிச்சை முடிந்திருந்தால்தான் குழந்தைக்குப் போதுமான சிகிச்சை என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது ஆரம்பித்தால் உங்களுக்கு அதைவிட எவ்வளவோ முன்னாலேயே முடிந்துவிடும். குழந்தை பிறந்ததும் அதன் ரத்தத்தை எடுத்து வி.டி.ஆர்.எல். பார்ப்பார்கள். அதுவும் பாசிட்டிவ் வரலாம், உடனே அழுதுவிடாதீர்கள் அம்மா. உங்கள் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய் அதன் ரத்தத்தில் இருப்பதால் அப்படிக் காட்டும். உங்கள் எண்ணைவிட நான்கு மடங்கு அதிகமாக இருந்தாலோ, குழந்தைக்கு மூக்கிலிருந்து சளி வடிந்துகொண்டே இருந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் உரிந்தாலோ, வயிறு உப்பியிருந்தாலோதான் நோய் இருக்கிறதா என்று தீவிரமாகப் பார்ப்பார்கள். அப்போதும் பத்து நாள் பென்சிலின் கொடுத்தால் சரியாகும். நோய் இல்லாத குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் வி.டி.ஆர்.எல். தானாக நெகட்டிவ் ஆகிவிடும். அதுவரை சொல்லும் தேதிகளில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஆறும்வரை கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மருந்தின் பெயர், 24 லட்சம் யூனிட் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அதை இந்த 1:16 சீட்டோடு சேர்த்து உங்கள் தாய் சேய் நல அட்டைக்குள் வையுங்கள். கணவரின் சீட்டையும் அங்கேயே வையுங்கள். வலி எடுத்து நடுராத்திரியில் எந்த மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் அங்கே இருக்கும் டாக்டர் முதலில் தேடுவது அந்த அட்டையைத்தான். ஊசி போட்ட விவரம் அதில் இல்லாவிட்டால், போடவே இல்லை என்று எடுத்துக்கொண்டு குழந்தைக்குப் பத்து நாள் ஊசியை ஆரம்பித்துவிடுவார்கள்.